சுற்றறிக்கை வினாயகமூர்த்தி

ஆரையம்பதியில் வாவிக்கரையோரமாக ஒரு மாடி வீடு நிற்கிறது. நல்ல வீடு. மேல்மாடி விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் வாவி முழுவதும் கண்ணுக்குள் வந்துவிடும். ஆனால் உட்காருவதற்கு முன்னால் கதிரையின் முதுகில் ஒட்டியிருப்பதை வாசித்தாக வேண்டும். 'இக்கதிரையை இழுத்து நகர்த்துதல் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. தூக்கி நகர்த்துக. பாவனையின் பின்னர் உரிய இடத்தில் வைக்கவும். இங்ஙனம், வீட்டு நிர்வாகம்.'

நிர்வாகம் என்றதும் பெரிய ஆட்பட்டாளம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே ஒரு ஆள்தான். பெயர் வினாயகமூர்த்தி. மடிப்புக் குலையாத சாரம், சட்டைப் பையில் இரண்டு நிறப் பேனை, எதையோ யாரோ திருடிக்கொண்டு போகிறான் என்பதுபோல் எப்போதும் கொஞ்சம் முன்னால் நீட்டிய கழுத்து. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் லிகிதராகச் சேர்ந்து பிரதம லிகிதராக இளைப்பாறியவர். உத்தியோக காலம் முழுவதும் அவர் செய்த வேலை சுற்றறிக்கை அடிப்பது. அடித்தது அவர், கையெழுத்து வைத்தது வேறு யாரோ, வாசித்தது ஒருவருமில்லை. இந்த மூன்றில் எது அவரை அதிகம் அரித்தது என்று தெரியாது. ஆனால் இளைப்பாறிய பிறகு மனுசனுக்கு ஒரு பேனையும், ஒரு பசைக் குப்பியும், கையெழுத்துப் போடும் அதிகாரமும் ஒன்றாகக் கிடைத்தபோது என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கதை.

வீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணின் வீடு. தாய் மகளுக்குக் கொடுப்பாள், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். ஆண்பிள்ளை உடுப்பை அடுக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்ச் சேருவான். வினாயகமூர்த்தியும் அப்படித்தான் வெல்லாவெளியிலிருந்து ஒரு றங்குப் பெட்டியோடு வந்து கண்ணகையின் வீட்டில் ஏறியவர். வளவு கண்ணகைக்குத் தாய் கொடுத்தது. மாடி வீடு, கண்ணகையின் வட்டைக் காணியில் விளைந்த நெல்லில் எழும்பியது. வினாயகமூர்த்தியின் சம்பளத்தில் இரும்புக் கேற் போட்டார்கள். அதனால்தானோ என்னவோ, கேற் என்றால் மனுசனுக்கு அப்படியொரு உரிமை.

மாடி வீடு மகள் பிரஷாந்திக்கென்று கட்டியது. அவளுக்குக் கல்யாணமானால் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவான். அதுவரை தாயும் தகப்பனும் மகளும் பின்வளவில் பழைய வீட்டில் இருந்துகொண்டார்கள். முன்னால் புது வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டிக் கிடந்தால் பல்லி முட்டைதான் மிஞ்சும் என்று பிரஷாந்தி ஒருநாள் நாலு படம் எடுத்து, நாள் வாடகைக்கு வீடு கொடுக்கும் இணையத்தளம் ஒன்றில் போட்டாள். கீழே நாலு வரி எழுதினாள்: செருப்பைக் கழற்றி வையுங்கள், இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தம் வேண்டாம், குப்பையைப் பிரித்துப் போடுங்கள், சந்தோஷமாக இருங்கள். வந்து தங்குகிறவர்களிடம் கதவுத் திறப்பைக் கொடுத்து வாங்கும் வேலையை மட்டும் தகப்பனிடம் ஒப்படைத்துவிட்டுக் கந்தோருக்குப் போனாள். அதுதான் அவள் செய்த பிழை.

முதல் கிழமையிலேயே 'சந்தோஷமாக இருங்கள்' என்பது நீக்கப்பட்டது. அது தெளிவற்ற ஏற்பாடு என்றார் வினாயகமூர்த்தி. சந்தோஷத்துக்கு எல்லை வரையறுக்கப்படவில்லையாம்.

பிறகு சுவர்களில் கடதாசி முளைக்கத் தொடங்கியது. குசினியில் ஒன்று, குளியலறையில் மூன்று, மாடிப்படியில் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது வேறொன்று. 'பாடும் மீன்கள் பாடாதவிடத்து நிர்வாகம் எவ்விதத்திலும் பொறுப்பேற்காது' என்று வாவியைப் பார்த்த யன்னலில் ஒன்று. நிலா இரவில் மீன் பாடும் என்று பேர்போன வாவி அது. அந்தக் கடதாசி ஒரு ஜேர்மன்காரி கேட்ட கேள்விக்குப் பிறகு வந்தது. அந்த மனுசி விறாந்தையில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்து பார்த்துவிட்டு, மீன் எப்போது பாடும் என்று பணிவாகக் கேட்டாள். நிர்வாகத்துக்கு மீன்மீது அதிகாரம் கிடையாது என்று வினாயகமூர்த்தி இங்கிலீசில் எழுதியே கொடுத்தார்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் தங்கக்கம்பிகள் இல்லை. கொழும்பிலிருந்து வந்த ஒரு கூட்டம் தலையணை உறையால் மோட்டார் சைக்கிளைத் துடைத்துவிட்டுப் போனது. இன்னொரு கூட்டம் வெற்றுப் போத்தல்களை வாவிக்குள் எறிந்து எது தூரம் போகிறது என்று பந்தயம் வைத்தது. ஒரு குடும்பம் போகும்போது யன்னல் சீலையையும் தங்கள் பையிலேயே கொண்டுபோனது. இப்படியானவர்களுக்குச் சட்டம் வேண்டும்தான், ஆரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் போத்தல் எறிந்த பெடியன்களிடம் வினாயகமூர்த்தி வாயே திறக்கவில்லை. ஆறு பேர், தடித்த பெடியன்கள். அவர்கள் போய் வாகனத்தின் புகையும் அடங்கின பிறகுதான் 'போத்தல் எறிதல் தொடர்பானது' என்ற சுற்றறிக்கை வந்தது. அதற்கு அடுத்ததாக வந்து அதை வாசித்து நடுங்கினவர்கள் இளைப்பாறிய இரண்டு ஆசிரியைமார்.

ஒருமுறை கல்முனைப் பக்கமிருந்து புதுக் கல்யாண சோடி ஒன்று வந்தது. பெண்ணின் கையில் மருதாணி இன்னும் கறுக்கவில்லை. வினாயகமூர்த்தி கல்யாணச் சான்றிதழ் கேட்டார். பெடியன் போனில் படத்தைக் காட்டினான். மூலப்பிரதி வேண்டும் என்றார். பெடியன் தகப்பனுக்குப் போன் எடுத்து, தகப்பன் பதிவாளருக்குப் போன் எடுத்து, பதிவாளர் வினாயகமூர்த்தியோடு கதைத்து, அதுவரை அந்தப் பெண் கேற்றடியில் சூட்கேசின் மேல் குந்தியிருந்தாள். குளிக்கும் நேரத்துக்கும் கட்டுப்பாடு இருந்தது. நேரம் கூடினால் நிர்வாகம் தண்ணீர் மோட்டரை நிறுத்தும் என்று எழுதியிருந்தார். எழுதினதோடு விட்டால் பரவாயில்லை, நிறுத்தவும் செய்தார். தலை நிறையச் சவர்க்கார நுரையோடு ஒரு வங்கி முகாமையாளர் மாடி விறாந்தைக்கு வந்து, "ஐயா, கண்ணெரியுது ஐயா" என்று கத்தினது அயலெல்லாம் கேட்டது.

வந்தவர்கள் வீட்டைப் பற்றி இணையத்தில் எழுதுவார்கள். 'வீடு அருமை. தூங்கும்போது மட்டும் எங்களை யாரும் கண்காணிக்கவில்லை, அதுவும் நிச்சயமாகத் தெரியாது' என்று ஒருவர் எழுதினார். வினாயகமூர்த்தி சளைக்கவில்லை. வீட்டுக்காரரும் விருந்தாளிகளைப் பற்றி எழுதலாம் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து ஒவ்வொருவருக்கும் அறிக்கை எழுதினார். 'நன்னடத்தை திருப்திகரம். ஆயினும் மின்விசிறிப் பாவனையில் முன்னேற்றம் தேவை.' வாழ்க்கையிலேயே முதன்முறையாக அவர் எழுதியதை மற்றவர்கள் வாசித்தார்கள். கோபத்தோடு வாசித்தால் என்ன, வாசித்தார்களே. மனுசன் இரவில் போனைத் திறந்து தன் அறிக்கைகளைத் தானே திரும்ப வாசித்து மகிழ்ந்தார்.

காத்தான்குடி றமீஸ் ஓட்டோவில்தான் அனேகமான விருந்தாளிகள் வருவார்கள். வரும் வழியிலேயே றமீஸ் அவர்களைத் தயார்படுத்திவிடுவான். "ஊடு சொர்க்கம். சேர் மட்டும் செத்த ஆளுட்ட கேள்வி கணக்குப் பார்க்கிற மலக்கு மாதிரி. கேக்கிறதுக்கு ஓம் ஓம் எண்டு சொல்லுங்க, கெதியா முடியும்" என்பான். கண்ணகை அதையும் கேட்டுச் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். அவளுக்கு வயல் இருந்தது, மாடு இருந்தது. புருஷன் கடதாசி ஒட்டுகிறாரா, ஒட்டட்டும்.

அவள் சிரிப்பை நிறுத்தியது பிரஷாந்தி ஒரு பெயரைச் சொன்ன அன்றைக்குத்தான்.

பிரஷாந்திக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த சம்பந்தங்களையெல்லாம் ஏதோவொரு சாட்டுச் சொல்லித் தட்டிக் கழித்தவள், ஒருநாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், "அம்மா, மண்டூர்ல சிவதர்ஷன் எண்டு ஒராள்" என்றாள். நீர்ப்பாசன வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தன். ஏதோ பயிற்சியில் சந்தித்து இரண்டு வருஷம் கதைத்திருக்கிறார்கள். கண்ணகைக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. சிவதர்ஷன் சின்ன வயதிலேயே தகப்பனை இழந்தவன். அவனைப் படிப்பித்து ஆளாக்கியது கனடாவில் இருக்கிற பெரியம்மா மங்களேஸ்வரி. பெரியம்மா வேண்டாம் என்றால் அவன் அதை மீற மாட்டான். அதை அவனே பிரஷாந்தியிடம் சொல்லியிருந்தான். அவனில் அவளுக்குப் பிடித்ததும் அந்தக் குணம்தான், பயமும் அதே குணத்தில்தான்.

மங்களேஸ்வரி ஊருக்கு வந்திருந்தாள். கெட்டிக்காரி. "வீடு பாக்க வாறம் எண்டு சொல்லிப் போனா கழுவித் துடைச்சுத்தான் காட்டுவாங்க. எங்கட புள்ள காலத்துக்கும் இருக்கப் போற வீடு. நாங்க காசு கட்டி ரெண்டு மூணு நாள் தங்கியே பாப்பம்" என்று சொல்லி, இணையத்தில் கண்ட அந்த வீட்டையே பதிந்துவிட்டாள். சிவதர்ஷன் மனம் கேட்காமல் பிரஷாந்திக்குச் சொன்னான். பிரஷாந்தி தாயிடம் ஓடிவந்தாள்.

"அப்பாட்ட சொல்லுவமா அம்மா?"

கண்ணகை அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள். "சொல்ல ஒண்ணா புள்ள. சொன்னா அந்த மனிசன் நடிக்கப் பாப்பார். மாலை போட்டு வரவேற்புச் சுற்றறிக்கை ஒண்டு அடிச்சு வாசிப்பார். அதைவிட இது பரவால்ல."

ஆனாலும் மனம் கேட்காமல் அன்றிரவு சோறு போடும்போது புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். "இஞ்சேருங்க, நாளைக்கு வாறவங்க வயசான ஆக்கள். கொஞ்சம் பாத்து நடவுங்க."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான், கண்ணகை" என்றார் வினாயகமூர்த்தி, முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டு.

மங்களேஸ்வரியும் கணவர் தில்லையம்பலமும் மறுநாள் மதிய வெயிலில் வந்து இறங்கினார்கள். வீடு கூட்டித் துடைத்துத் தயாராக இருந்தது. ஆனால் உட்பிரவேசம் பிற்பகல் இரண்டு மணிக்கு என்று சுற்றறிக்கை சொல்கிறது. வினாயகமூர்த்தி கேற்றுக்கு அந்தப் பக்கம் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார்.

"சேர், ஊடு சும்மாதானே கிடக்கு. தொறந்து உடுங்களேன்" என்றான் றமீஸ்.

"உனக்கு ஓட்டோ ஓடுறதுதானே வேலை?" என்றார் வினாயகமூர்த்தி.

றமீஸ் ஓட்டோவை வேப்பமர நிழலில் விட்டு, இரண்டு பேரையும் அதற்குள்ளேயே இருத்தி, தம்பிலுவிலுக்கு ஓட வேண்டிய ஒரு வாடகையை இழந்தும் காவலிருந்தான். இரண்டு மணியானதும் கேற் திறந்தது. பிறகு வாசிப்பு. ஒவ்வொரு கடதாசிக்கு முன்னாலும் நிறுத்தி, விரலால் தொட்டுக் காட்டி, விளங்கினதா என்று கேட்டு, அடுத்ததற்குக் கூட்டிப்போனார். குளியலறைக் கடதாசிகளை வாசிக்கும்போது மூன்று பேரும் அதற்குள்ளேயே நின்றார்கள். தில்லையம்பலத்துக்கு அவசரமாக இருந்தது, சொல்லக் கூச்சம்.

மங்களேஸ்வரி கோபிக்கவில்லை. இதையெல்லாம் கனடாவுக்குப் போய்ச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தாள். மாடியில் நின்று வாவியைப் பார்த்தபோது, இந்தக் காற்றில் சிவதர்ஷன் வந்து கிடப்பான் என்று அவள் மனம் இளகியது. வீடு பிடித்துவிட்டது. பின்வளவில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டு நின்ற கண்ணகையையும் பார்த்தாள், பிடித்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் தில்லையம்பலம் கரைக்குப் போய்த் தோணிக்காரரிடம் துடிக்கத் துடிக்கக் கொடுவா மீன் வாங்கி வந்தார். எத்தனையோ வருஷத்து ஆசை. மனுசன் குழந்தைப்பிள்ளை மாதிரி மீனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார். எண்ணெய் சுடும்போதே வினாயகமூர்த்தி குசினி வாசலில் நின்றார்.

"உள்ளுக்கு மீன் பொரிக்க ஒண்ணா."

"வாவிக்கரையில வீடு கட்டிப்போட்டு மீன் பொரிக்க ஒண்ணாவா?" என்றார் தில்லையம்பலம்.

"புகை சீலிங்கில படியும். வெளியில அடுப்பு வச்சுப் பொரியுங்க."

வெளியில் மழை தூறிக்கொண்டிருந்தது. மூன்று கல்லை வைத்து, மங்களேஸ்வரி குடை பிடிக்க, தில்லையம்பலம் குந்தியிருந்து மீன் பொரித்தார். ஒரு துளி மழை எண்ணெயில் விழுந்து கையில் தெறித்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் கண்ணகை தன் குசினியில் பொரித்த மீனும் சோறும் ஒரு தட்டில் போட்டு மூடிக்கொண்டு வந்தாள். கேட்டால் நம்பமாட்டீர்கள், வினாயகமூர்த்தி தன் பெண்சாதியையே மறித்தார். வெளியார் கொண்டுவரும் உணவு பற்றி ஒரு விதி இருக்கிறதாம்.

"தள்ளி நில்லுங்க" என்றாள் கண்ணகை. தள்ளி நின்றார்.

அதுவரைக்கும் காரியம் கெடவில்லை. மங்களேஸ்வரி அன்று பின்னேரம் தங்கைக்குப் போன் எடுத்து, "வீடு நல்லம். தாய் தங்கமான மனிசி. தகப்பன் கொஞ்சம் கழண்ட கேஸ், ஆனா ஆபத்தில்ல. நாளைக்கு நீ வெத்திலை கொண்டு வா" என்றாள். தங்கை நேசம்மா என்றால் சிவதர்ஷனின் தாய்.

வெற்றிலை என்பது இந்தப் பக்கத்தில் சும்மா மெல்லுகிற இலை இல்லை. வட்டா என்று சொல்லும் கால் வைத்த பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கை அடுக்கிக்கொண்டு ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்தால், அவர் ஒரு காரியத்தோடு வருகிறார். அதை வாங்கி ஒரு வெற்றிலையைக் கையில் எடுத்தால் சம்மதம். வாங்காமல் விட்டால் முடிந்தது கதை, வாயால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. குழந்தைப்பிள்ளைக்கும் இது தெரியும். வினாயகமூர்த்திக்கும் தெரியும். ஆனால் சட்டம் தலைக்குள் ஏறினால் மற்றதெல்லாம் இறங்கிவிடும்.

நேசம்மா மறுநாள் காலையில் வந்தாள். தில்லையம்பலம் கரைக்குப் போயிருந்தார், மங்களேஸ்வரி மேலே குளித்துக்கொண்டிருந்தாள். நல்ல சேலை உடுத்து, வட்டாவை வெள்ளைத் துணியால் மூடி இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள். வினாயகமூர்த்தி கேற்றைத் திறக்காமல் கேட்டார்.

"ஆர் நீங்க?"

"உள்ளுக்கு நிக்கிற மங்களேஸ்வரிட தங்கச்சி. மண்டூர்ல இருந்து வாறன்."

"பதிவில ரெண்டு பேருக்குத்தான் அனுமதி கிடக்கு. அடையாள அட்டை வச்சிருக்கீங்களா?"

நேசம்மா திகைத்துப்போனாள். "நான் தங்க வரல்ல அண்ணன். வீட்டுக்காரரைக் கண்டு வெத்திலை குடுத்திட்டுப் போகத்தான் வந்தன்."

வினாயகமூர்த்தியின் காதில் வெற்றிலை என்ற ஒரு சொல்தான் விழுந்தது. முன்னொருமுறை யாரோ ஒரு விருந்தாளி விறாந்தைச் சுவரில் துப்பிவிட்டுப் போன சிவப்பு அவர் கண்ணுக்குள் வந்தது.

"வெத்திலை உள்ளுக்கு எடுக்க ஒண்ணா. கண்டிப்பான தடை. வட்டாவைக் கேற்றுக்கு வெளியில வச்சிட்டு வாங்க. இல்லாட்டி நீங்களும் வெளியிலயே நில்லுங்க."

நேசம்மாவின் முகம் கறுத்தது. "வீட்டுக்காரர் நீங்களா?"

"ஓம். நிர்வாகம் நான்தான்."

"அப்ப இதுதான் உங்கட பதிலா?"

"என்ட பதில் இல்ல. சட்டம்."

நேசம்மா வட்டாவைத் துணியால் இறுக்கி மூடினாள். பின்வளவில் வைக்கோல் போட்டுக்கொண்டு நின்ற கண்ணகை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். சேலைத் தலைப்பு வேலிக் கம்பியில் கொழுவிக் கிழிந்தது. அவள் கேற்றுக்கு வந்து சேர்வதற்குள் நேசம்மா றோட்டுக்கு ஏறிவிட்டாள்.

"அக்கா, நில்லுங்க! நில்லுங்கக்கா!"

நேசம்மா திரும்பினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "வீட்டுக்காரர் பதில் சொல்லிட்டார் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கே மங்களேஸ்வரி சூட்கேசைக் கட்டினாள். திறப்பைக் கொடுக்க வந்தபோது வினாயகமூர்த்தி அறையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். கட்டில் விரிப்பில் ஒரு மஞ்சள் கறை கண்டார்.

"இது கறிக்கறை போல கிடக்கு. ஒன்பதாம் விதிப்படி..."

"அண்ணன்" என்றாள் மங்களேஸ்வரி. குரல் உயரவில்லை. "நாங்க பிரஷாந்திக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரர். வீடு பாக்க வந்தநாங்க. நீங்க கேற்றடியில மறிச்சது மாப்பிள்ளையப் பெத்த தாயை."

வினாயகமூர்த்தியின் கையில் விரிப்பு அப்படியே நின்றது.

"வீட்டில ஒரு குறையும் இல்ல. உங்கட மகளில ஒரு குறையும் இல்ல. ஆனா எங்கட புள்ள தகப்பனில்லாம வளந்தவன், ஆரையும் மனசு நோகப் பேசாதவன். நாளைக்கு அவன் இந்த வீட்டில ஒரு முட்டை பொரிக்கவும் உங்களிட்ட எழுதிக் கேக்கணும். தாயைப் பாக்கவும் அனுமதி எடுக்கணும். என்னால அதுக்கு அவனைக் குடுக்க ஏலா."

தில்லையம்பலம் எண்ணெய் தெறித்த கையை மற்றக் கையால் மூடிக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். றமீஸ் அன்றைக்குக் காசு வாங்கவில்லை என்று பிறகு கேள்வி.

பிரஷாந்தி பின்னேரம் கந்தோரால் வந்தாள். வரும் வழியிலேயே சிவதர்ஷன் போனில் சொல்லிவிட்டான் போலும். தகப்பனைப் பார்க்காமல், உடுப்பும் மாற்றாமல், குசினி நிலத்தில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் வினாயகமூர்த்திக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும், ஆறுதல் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.

"எனக்கு ஆரும் சொல்லல்லியே!" என்றார் அவர். "மாப்பிள்ளை வீட்டாக்கள் எண்டு தெரிஞ்சிருந்தா மரியாதையா நடந்திருப்பனே!"

"ஆரெண்டு தெரிஞ்சாத்தான் மரியாதையா?" என்றாள் கண்ணகை.

"எல்லாருக்கும் ஒரே சட்டம் எண்டுதான்..."

"சட்டம்!" கண்ணகை அடுப்படியிலிருந்து எழும்பினாள். அவள் கோபித்து வினாயகமூர்த்தி கண்டிருக்கிறார், இப்படி அமைதியாகக் கோபித்துக் கண்டதில்லை. "இஞ்சேருங்க, நீங்க வந்து ஏறினதும் ஒரு பொம்புளைட வீட்டுக்குத்தான். எங்கட அம்மாட வீடு, மறுகா என்ட வீடு. இத்தன வருஷமா இஞ்ச கிடக்கிறீங்க. குறட்டை விட ஒண்ணா எண்டு எழுதி ஒட்டினனா? ஈரக்காலோட குசினிக்கு வர ஒண்ணா எண்டு ஒட்டினனா? உங்கட கந்தோர்க் கூட்டாளிமார் விடிய விடிய இருந்து கடதாசி விளையாடினாங்க. ஆரிட்டயாவது அடையாள அட்டை கேட்டனா? உங்கட அம்மா வெத்திலை போட்டுத் துப்பித் துப்பித்தான் இந்த வீட்டில செத்தவ. நான்தான் கழுவினன். ஒரு சொல்லுச் சொன்னனா?"

வினாயகமூர்த்தி சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்தார், திரும்பக் குத்தினார்.

"வந்தவர் இருக்கட்டும், அவர்ட வீடு மாதிரி இருக்கட்டும் எண்டு விட்டன்" என்றாள் கண்ணகை. "அது என்ட பிழை."

மறுநாள் விடியக் கண்ணகை தன் வட்டாவைப் புளி போட்டு மினுக்கி, வெற்றிலை அடுக்கி, மகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். குருமண்வெளித் துறையில், இந்தப் பக்கத்தார் பாதை என்று சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து மண்டூருக்குப் போனார்கள். பெண் வீட்டார் மறுத்த வெற்றிலையைப் பெண் வீட்டாரே திருப்பிக் கொண்டுபோய்க் கெஞ்சுவது லேசான காரியமில்லை. கண்ணகை அதைச் செய்தாள். நேசம்மாவின் காலடியில் நிலத்தில் இருந்தாள். என்ன கதைத்தாள் என்று அவளும் சொல்லவில்லை, பிரஷாந்தியும் சொல்லவில்லை. பின்னேரம் திரும்பிவந்தபோது வட்டா வெறுமையாக இருந்தது. நேசம்மா வெற்றிலை எடுத்துவிட்டாள்.

"சரி வந்திட்டா?" என்று வினாயகமூர்த்தி எழும்பி ஓடிவந்தார். "நான் சொன்னன்தானே, நல்ல சனங்கள்! கல்யாணத்துக்கு மண்டபத்தில சாப்பாட்டு ஒழுங்கு, செருப்பு ஒழுங்கு எல்லாம் நான் எழுதி..."

"மங்களேஸ்வரி அக்கா ஒண்டு மட்டும் கேட்டா" என்றாள் கண்ணகை. "முன் வீட்டுத் திறப்பு பிரஷாந்திட கையில இருக்கணுமாம். அவட புருஷன் அந்த வீட்டுக்க ஆரிட்டயும் கேட்டு ஏற ஒண்ணாவாம்." கையை நீட்டினாள்.

வினாயகமூர்த்தி திறப்புக் கோர்வையைச் சாரத்து மடியிலிருந்து எடுத்து அந்தக் கையில் வைத்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் இரக்கப்பட்டு, "பரவால்ல அப்பா, நீங்களே வச்சிருங்க" என்று சொல்லுவாள் என்று ஒரு கணம் எதிர்பார்த்தார். பிரஷாந்தி தாயின் கையிலிருந்து கோர்வையை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டாள்.

மனுசனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. தன் அருமை தெரியாதவர்கள், தான் இல்லாமல் ஒருநாள் இருந்து பார்க்கட்டும், இரண்டாம் நாளே தேடி வருவார்கள் என்று நினைத்தார். இரண்டு சாரமும் சட்டையும் ஒரு பைக்குள் திணித்து, ஒருவருக்கும் சொல்லாமல் வெல்லாவெளிக்குப் பஸ் ஏறினார். பிறந்த வீடு இருக்கும்போது என்ன குறை என்ற எண்ணம்.

பிறந்த வீடு இருந்தது. தாய் அதைத் தங்கை பூமலருக்குச் சீதனமாகக் கொடுத்து, பூமலர் தன் மகளுக்குக் கொடுத்து, மகளின் புருஷன் அதற்கு நீலப் பெயின்ட் அடித்து, வாசலில் புதுப் பல்பும் போட்டிருந்தான். வினாயகமூர்த்தி பிறந்த அறை எதுவென்று வெளியிலிருந்து பார்த்தால் மட்டுக்கட்ட முடியவில்லை.

"ஐயோ, அண்ணன்! வாங்க வாங்க!" பூமலர் ஓடிவந்து பையை வாங்கினாள். உண்மையான சந்தோஷம்தான். தேத்தண்ணி வந்தது, சீனியும் அதிகமாகவே போட்டிருந்தது. மச்சாளைப் பற்றிக் கேட்டாள், பிரஷாந்தியைப் பற்றிக் கேட்டாள், கல்யாணச் செய்தி கேட்டு மகிழ்ந்தாள். பிறகு உள்ளே மகளோடு கொஞ்சநேரம் தணிந்த குரலில் கதைத்துவிட்டு வந்தாள். வந்து, சங்கடத்தோடு சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"குறை நினைக்காதீங்க அண்ணன். மருமகன்ட ஆக்கள் வாறாங்க, கிடக்கிறது ஒரே அறைதான். அதான் கேக்கன். எத்தின நாளைக்கு நிப்பீங்க?"

அவள் பாவம், அன்பாகத்தான் கேட்டாள். வினாயகமூர்த்தி கோப்பையைக் கீழே வைத்தார். வெல்லாவெளியில் இருப்பது தங்கையின் மகளின் வீடு. ஆரையம்பதியில் முன்னால் இருப்பது மகளின் வீடு, பின்னால் இருப்பது பெண்சாதியின் வீடு. அறுபது வயது தாண்டிய ஆம்பிளை, இந்த மாவட்டம் முழுவதும் யோசித்துப் பார்த்தும், எத்தனை நாள் என்று ஒருவரும் கேட்க முடியாத ஒரு கூரை அவருக்கு நினைவில் வரவில்லை.

"இரவைக்கு மட்டும்தான்" என்றார். "விடிஞ்சதும் போயிருவன்."